சிரட்டையில் தேங்கிய மழைநீர்: குமரி மாவட்டப் பயணக் குறிப்புகள்

திங்கள்கிழமை, தேரூர்

வடகிழக்குப் பருவமழை சுசீந்திரம் குளத்தையும் தேரூர் குளத்தையும் விளிம்புவரை நிரப்பிவிட்டுப் போயிருக்கிறது. கரையை ஒட்டிய வயல்களில் கும்பப்பூ நெற்பயிர் பச்சை பிடித்து நிற்கிறது. வடக்கிலிருந்து வலசை வந்த வாத்துகள் குளத்தின் நடுவிலும், உள்ளூர்க் கொக்குகளும் நத்தைகுத்தி நாரைகளும் வரப்போரங்களிலுமாக இடம் பிரித்துக்கொண்டிருக்கின்றன. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற ஈரநிலம் இது. பறவை பார்க்க வருகிறவர்கள் தொலைநோக்கியோடு வருகிறார்கள். நாங்கள் பறவைகளுக்குள் இருப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம்.

நான் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறவன். உடன் வந்திருக்கும் அண்ணாச்சி ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். விலங்குகளின் வைரஸ் மனிதருக்கு எப்படி வருகிறது என்று வகுப்பில் பேசும்போதெல்லாம் ஆப்பிரிக்கக் காடும் சீனச் சந்தையுமே எடுத்துக்காட்டாக வருவதால், மாணவர்கள் அதை எங்கோ நடந்த கதையாகக் கேட்டுக்கொள்கிறார்கள். அந்தக் கதைக்கு வேண்டிய கொக்கு, பன்றி, குரங்கு, வவ்வால், கொசு, சோதனைச் சாவடி எல்லாமே இந்தச் சிறிய மாவட்டத்துக்குள் இருக்கின்றன என்பதால்தான் இந்தப் பயணம்.

முதலில் கொக்கு. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் கொக்கு, நாரை இனப் பறவைகளின் உடலில் அவற்றுக்குப் பெரிய தொல்லை தராமல் வாழ்கிறது. நெல்வயலில் தேங்கும் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுக்கள் அதைப் பறவையிலிருந்து பன்றிக்குக் கொண்டுசேர்க்கின்றன. பன்றியின் இரத்தத்தில் அது ஏராளமாகப் பெருகுவதால், பன்றியைக் கடித்த கொசுக்கள் பலவும் வைரஸைச் சுமக்கத் தொடங்கிவிடுகின்றன. இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் அறியப்பட்டது தமிழ்நாட்டில்தான், 1955இல், வேலூரில். தொற்றுக்கு ஆளாகும் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கே கடுமையான நோய் வருகிறது. ஆனால் அந்த ஒருவர் பெரும்பாலும் குழந்தை, பிழைத்தாலும் மூளைப் பாதிப்போடு பிழைக்கக்கூடிய குழந்தை.

இவ்வளவு கொடிய வைரஸ் ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்கு ஏன் பரவுவதில்லை? மனித இரத்தத்தில் அது அடையும் அளவு மிகக் குறைவு; அடுத்த கொசு குடிக்கும் துளியில் வைரஸ் போதுமான அளவு இருப்பதில்லை. நம்மிடம் வந்ததும் அதன் வழி முடிந்துவிடுகிறது. ஆகவே அதற்கு நம் உடலுக்கேற்ப மாறவேண்டிய கட்டாயமும் இல்லை, மாறுவதற்கான வாய்ப்பும் இல்லை. தொற்றுவது வேறு, மனிதருக்குள் தொடர்வது வேறு என்ற இந்த வேறுபாட்டைச் செய்தித்தாள்கள் அடிக்கடி விட்டுவிடுகின்றன. விலங்கிலிருந்து மனிதரைத் தொடும் வைரஸ்கள் ஏராளம். அவற்றுள் மனிதருக்குள்ளேயே வாழக் கற்றுக்கொள்பவை மிகச் சில.

வாத்துகள் சுமக்கும் இன்ஃபுளுயன்சா அந்தச் சிலவற்றுள் சேரக்கூடியது. பறவைக் காய்ச்சல் வைரஸ் உயிரணுவுக்குள் நுழைய, அதன் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் சியாலிக் அமிலத்தைப் பற்றிக்கொள்கிறது. பறவையின் குடலில் அந்த அமிலம் ஒருவிதமாகவும், நம் மூக்கிலும் தொண்டையிலும் இன்னொரு விதமாகவும் இணைந்திருக்கிறது. பறவை வகை இணைப்பு நமக்கும் உண்டு, ஆனால் பெரும்பாலும் நுரையீரலின் ஆழத்தில். கோழியை அறுத்தவர் நிறைய வைரஸைச் சுவாசித்து ஆழத்தில் தொற்றுக்கு ஆளாகிச் சாகக்கூடும். அவர் தும்மினால் பக்கத்திலிருப்பவருக்கு எளிதில் பரவுவதில்லை. 1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் தொற்றிய 18 பேரில் 6 பேர் இறந்தார்கள், அதன்பின் மனிதத் தொடர் அறுந்துவிட்டது. 2003 முதல் உலகெங்கும் 900க்கும் மேற்பட்டோருக்குத் தொற்றியும், அவர்களில் பாதியளவினர் இறந்தும், மனிதத் தொடர் இதுவரை நிலைபெறவில்லை.

நுழைந்த பின்னும் தடை உண்டு. வைரஸ் தன் மரபுப் பொருளைப் பிரதியெடுக்க நம் உயிரணுவிலுள்ள ஒரு புரதத்தின் துணையை நாடுகிறது. பறவைகளில் அப்புரதம் 33 அமினோ அமிலங்கள் கூடுதலாக, சற்று நீளமாக இருக்கும். நம்முடையது குட்டை, பறவை வைரஸின் பிரதியெடுக்கும் நொதி அதோடு சரியாகப் பொருந்தாது. அந்த நொதியின் ஒரு பகுதியில் 627ஆம் இடத்திலுள்ள குளூட்டாமிக் அமிலம் லைசினாக மாறினால் பொருந்திவிடுகிறது. ஒரே ஓர் இடம். பாலூட்டிகளைத் தொற்றிய பறவை வைரஸ்களில் இந்த மாற்றம் திரும்பத் திரும்பத் தென்படுவதற்குக் காரணம் இதுதான்.

"அப்போ பன்னி எதுக்கு?" என்றார் அண்ணாச்சி, விடை தெரிந்தே. பன்றியின் மூச்சுப்பாதையில் இருவகை இணைப்பும் இருப்பதால், பறவை வைரஸும் மனித வைரஸும் ஒரே உயிரணுவுக்குள் சந்திக்க இடமுண்டு. இன்ஃபுளுயன்சாவின் மரபுப் பொருள் எட்டுத் துண்டுகளாக இருப்பதால், சந்தித்த இரண்டும் துண்டுகளை மாற்றிக்கொண்டு புதிதாக ஒன்று வெளிவரலாம். 1957 பெருந்தொற்று வைரஸில் மூன்று துண்டுகளும் 1968 வைரஸில் இரண்டு துண்டுகளும் பறவைகளிடமிருந்து வந்தவை. ஆனால் பன்றியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த உலகுக்கு 2024இல் அமெரிக்கா வேறொன்றைக் காட்டியது: எச்5என்1 கறவை மாடுகளின் மடியில் புகுந்து பாலில் வந்தது. அண்ணாச்சி தம் பணிக்காலத்தில் மாட்டுக்குப் பறவைக் காய்ச்சல் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன் என்கிறார். நாளை குலசேகரம்.

செவ்வாய்க்கிழமை, குலசேகரம்

இரவெல்லாம் மழை. தக்கலையைத் தாண்டி வடக்கே போகப்போக நெல் மறைந்து, தென்னையும் வாழையும் வந்து, பிறகு ரப்பர் மட்டும். தமிழ்நாட்டு ரப்பரின் பெரும்பகுதி இந்த மாவட்டத்தில்தான் விளைகிறது. மழை நாளில் பால்வெட்டு இல்லை. தோட்டம் வெறிச்சோடிக் கிடந்தது. மரத்துக்கு மரம், சாய்ந்த வெட்டுக்காயத்துக்குக் கீழே கம்பி வளையத்தில் ஒரு சிரட்டை. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்: அடியில் காய்ந்த ஒட்டுப்பால், அதன்மேல் இரண்டு விரல் உயரத்துக்கு மழைநீர், ஓர் அழுகிய இலை, தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த கொசுப்புழுக்கள். என் நிழல் விழுந்ததும் எல்லாம் நெளிந்து அடிக்குப் போயின. அதற்குள் என் முழங்கையில் ஒன்று அமர்ந்துவிட்டது. கறுப்பு உடல், கால்களில் வெள்ளை வளையங்கள், முதுகின் நடுவே ஒரே ஒரு வெள்ளைக் கோடு: ஏடிஸ் அல்போபிக்டஸ், பகலில் கடிப்பது.

தோட்டத்து ஓரத்தில் குடியிருக்கும் வெட்டுக்காரர் ஒருவர் குடையோடு வந்தார். சிரட்டைகளைக் கவிழ்த்து வைப்பதில்லையா என்று கேட்டோம். "கமத்தி வைக்கணும்னு வந்து சொல்லிட்டுப் போவினும் சார். நானூறு மரம். மழை விட்டா வெட்டணும், பெஞ்சா கமத்தணும், யாருக்கு முடியும்?" என்றார். நியாயமான கேள்வி. அவருக்கு மரத்துக்கு இவ்வளவு என்று கூலி கிடைப்பது வெட்டுவதற்குத்தான், கவிழ்ப்பதற்கு இல்லை.

இந்தச் சிரட்டைகளைப் பார்க்கவே வந்தோம். விலங்கு வைரஸ் மனிதருக்கேற்ப மாறுவது என்றாலே அது மனித உடலுக்கேற்ப மாறுவது என்று நினைத்துக்கொள்கிறோம். சிக்குன்குனியா மாறியது கொசுவின் குடலுக்கேற்ப. பலன் மட்டும் நம் மூட்டுகளில் வந்து விடிந்தது.

சிக்குன்குனியா ஆப்பிரிக்கக் காடுகளில் குரங்குகளுக்கும் காட்டுக் கொசுக்களுக்கும் இடையே சுற்றிக்கொண்டிருந்த வைரஸ். இன்றைய தான்சானியாவில் 1952–53இல் மனிதரிடையே பெருநோயாகக் கண்டறியப்பட்டது. 1963இல் கல்கத்தாவுக்கும் 1964இல் சென்னைக்கும் வந்தது. நகரங்களில் குரங்கு தேவைப்படவில்லை. மனிதரும், வீட்டுத் தொட்டியில் வளரும் ஏடிஸ் எஜிப்தி கொசுவும் போதும். 1970களின் நடுவில் இந்தியாவிலிருந்து ஏறக்குறைய மறைந்து, 2005இன் இறுதியில் திரும்பி வந்தது. திரும்பி வந்தது பழைய ஆசியக் கிளை அன்று, ஆப்பிரிக்காவிலிருந்து புதிதாகக் கிளம்பிய இன்னொரு கிளை.

அந்தப் புதிய கிளை வரும் வழியில் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவைத் தொட்டது. அங்கே எஜிப்தி அரிது; இருப்பதெல்லாம் அல்போபிக்டஸ். வைரஸின் உறையிலுள்ள ஈ1 என்ற புரதத்தில் 226ஆம் இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் இருந்த வரை, அல்போபிக்டஸின் குடற்சுவரைத் தாண்டுவது அதற்குக் கடினமாக இருந்தது. 2005இன் தொடக்கத்தில் அத்தீவில் எடுத்த மாதிரிகளில் அலனின்தான். அதே ஆண்டின் இறுதிக்குள் பெரும்பாலான மாதிரிகளில் அந்த இடத்தில் வேலின் வந்துவிட்டது. ஏறக்குறைய 12,000 எழுத்துகள் கொண்ட மரபுச் சுருளில் ஓரிடத்துப் பிழை, அல்போபிக்டஸைத் திறமான கடத்தியாக்கிவிட்டது. தீவின் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர், சுமார் 2,66,000 பேர், படுக்கையில் விழுந்தார்கள்.

2006இல் இந்தியாவில் பரவிய வைரஸில் அந்த மாற்றம் இல்லை. 2007இல் கேரளத்தில் பரவியதில் இருந்தது. ரீயூனியனிலிருந்து யாரும் கொண்டுவந்ததாகத் தெரியவில்லை. மரபு வரிசையைப் பார்த்தால் இங்கேயே தனியாகத் தோன்றியது என்பதே பொருந்துகிறது. தீவில் நிகழ்ந்த அதே எழுத்துப்பிழை இன்னொரு முறை நிகழ்ந்திருக்கிறது. பிழை எங்கும் நிகழும். பெரும்பாலான ஆர்என்ஏ வைரஸ்களின் பிரதியெடுப்பில் திருத்துவோர் இல்லாததால் ஒவ்வொரு சுற்றிலும் பிழைகள் பிறந்துகொண்டே இருக்கின்றன. எந்தப் பிழை வெல்லும் என்பதைச் சுற்றுப்புறம் முடிவு செய்கிறது. கேரளத்து மலையடிவாரங்களில் அந்தச் சுற்றுப்புறம் ரப்பர் தோட்டமும் சிரட்டையும். 2009இல் கேரளத்து மாதிரிகளில் ஈ2 புரதத்தில் இரண்டாவது மாற்றமும் காணப்பட்டது. அதே கொசுவின் குடலில் முதலாவதன் வேலையை அது இன்னும் எளிதாக்கியது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. தென்கிழக்கு ஆசியாவில் அல்போபிக்டஸ் பூர்வீகமாக வாழ்கிறது. அங்கே சிக்குன்குனியாவின் பழைய ஆசியக் கிளை பல பத்தாண்டுகள் சுற்றியது. அப்படியிருந்தும் 226ஆம் இட மாற்றம் அங்கே வேரூன்றவில்லை. காரணம், அக்கிளையில் ஈ1 புரதத்தின் 98ஆம் இடத்தில் வேறோர் அமினோ அமிலம் இருக்கிறது. அது இருக்கும்வரை 226இல் மாறினாலும் கொசுவின் குடலில் ஆதாயம் கிடைப்பதில்லை. என்றோ நேர்ந்த ஒரு சிறு மாற்றம் பிற்கால வழியை அடைத்துவிட்டது. 'வைரஸ் எப்படியும் மாறிவிடும்' என்று எளிதாகச் சொல்கிறோம். எல்லா வைரஸும் எல்லாத் திசையிலும் மாறிவிட முடியாது. அதன் பழைய வரலாறு சில வழிகளைத் திறந்தும் சிலவற்றை மூடியும் வைத்திருக்கிறது. ஆகவே அடுத்தது எது என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நான் நம்புவதில்லை.

வெட்டுக்காரர் வீட்டில் கட்டஞ்சாயா கிடைத்தது. அவருக்கும் அவர் மனைவிக்கும் முன்பொரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, அந்த அம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வலி பல மாதம் நீடித்ததாம். பரிசோதனை எதுவும் செய்யவில்லை என்பதால் அது இன்னது என்று நான் சொல்ல முற்படவில்லை.

புதன்கிழமை, பேச்சிப்பாறை

அணைக்கு மேலே காட்டுப்பாதை மழையால் மூடப்பட்டிருந்தது. சாலையோரத்துக் குரங்குகள் பயணிகளின் பையைப் பார்த்தே பழகியவை. ஒரு குட்டி எங்கள் வண்டிக் கண்ணாடியில் தன் முகத்தை நெடுநேரம் ஆராய்ந்தது.

குரங்கு என்றதும் கியாசனூர்க் காட்டு நோயைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் குரங்குகள் செத்து விழுந்ததையும், விறகுக்குப் போனவர்கள் காய்ச்சலில் விழுந்ததையும் இணைத்துப் பார்த்தபோது கண்டறியப்பட்டது. உண்ணிகள் அதைக் கடத்துகின்றன. பிற்காலத்தில் பந்திப்பூர், நீலகிரி, வயநாடு என்று மேற்குத் தொடர்ச்சி மலையில் தெற்கு நோக்கி அதன் தடம் தெரிந்திருக்கிறது. காட்டில் குரங்கு செத்துக் கிடந்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும் என்பது அதனால்தான். மனிதரிடமிருந்து மனிதருக்கு இது பரவுவதில்லை. தேரூரில் பார்த்த மூளைக்காய்ச்சலின் கணக்கேதான் இதற்கும். மழை மீண்டும் பிடித்துக்கொள்ள, மதியத்துக்குள் இறங்கிவிட்டோம்.

வியாழக்கிழமை, கருங்கல் அருகே

ஒரு பழைய தோட்டத்து மரங்களில் பழந்தின்னி வவ்வால்கள். இங்கே வாவல் என்கிறார்கள். மரத்தடியில் பாதி தின்ற நாட்டு வாதாம் பழங்கள், சப்பித் துப்பிய நார்ச் சக்கைகள், எச்சத்தின் புளித்த நெடி. அண்ணாச்சி குனியவிடவில்லை.

நிபா வைரஸ் இந்த இனத்து வவ்வால்களில் வாழ்கிறது. புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனத்தின் ஆய்வுகளில் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களின் வவ்வால்களில் அதற்கான எதிர்ப்பொருள்கள் காணப்பட்டன. முதலில் வெளிப்பட்டது 1998–99இல், மலேசியாவில். பன்றிப் பண்ணையை ஒட்டியே மா மரங்களும் பழ மரங்களும் நட்டிருந்தார்கள், வவ்வால் கடித்துப் போட்டதைப் பன்றி தின்றது, பன்றியிலிருந்து பண்ணையாளருக்கு. 265 பேருக்கு நோய், 105 பேர் இறப்பு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. வங்கதேசத்தில் பன்றி இடையில் வரவில்லை. குளிர்காலத்தில் ஈச்சமரத்தைச் சீவிப் பானை கட்டி, இரவெல்லாம் வடிந்த பாலை விடியலில் பச்சையாகக் குடிக்கிறார்கள். இரவில் வவ்வால்கள் சீவிய இடத்தை நக்குவதை அகச்சிவப்புக் கேமராக்கள் படம்பிடித்தன. சீவிய இடத்தைச் சுற்றி மூங்கில் தட்டியால் மறைப்புக் கட்டினாலே வவ்வால் நெருங்குவதில்லை என்றும் அங்கே கண்டறிந்தார்கள்.

பானை என்றதும் நம் பனை நினைவுக்கு வராமல் இருக்குமா? தோட்டத்துக்கு அடுத்த வீட்டில் ஒரு முதிய பனையேறி இருந்தார். இப்போது பருவம் இல்லை. மாசி, பங்குனியில்தான் பாளை சீவி அக்கானி, அதாவது பதநீர், இறக்கத் தொடங்குவார்களாம். அவருக்கு ஏற முடியாத வயது. திளாப்புக் கயிறு மட்டும் சுவரில் தொங்குகிறது. "பாட்டா, அக்கானிக் கலயத்துல வாவல் வருமா?" என்று கேட்டேன். "வராம பின்ன? வாவல் மட்டுமா, எறும்பு, வண்டு, அணிலு எல்லாம் வரும் மக்களே. அரிச்சிட்டுக் குடிக்கணும்" என்றார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது புளிக்காமல் இருக்கத்தான். வைரஸுக்கு அதைக் காவலாக எண்ணிக்கொள்ளக் கூடாது. துணியில் அரித்தால் எறும்பு நிற்கும், வைரஸ் நிற்காது. கருப்புக்கட்டிக்காகக் காய்ச்சும்போது வைரஸ் பிழைக்க வழியில்லை. இம்மாவட்டத்தில் அக்கானி வழியாக நிபா வந்ததாக எந்தப் பதிவும் இல்லை என்பதையும் அவரிடம் சொன்னேன். இல்லையென்றால் நாளை பனையின்மேல் பழி வரும், ஏற்கெனவே நலிந்த தொழில் இன்னும் நலியும்.

நிபா பற்றிக்கொள்ளும் ஏற்பி எஃப்ரின்-பி2 என்ற புரதம். வவ்வால், பன்றி, குதிரை, மனிதர் எல்லாரிடமும் அது ஏறக்குறைய ஒன்றேபோல் இருக்கிறது. நேற்று முன்தினம் பார்த்த கொசுக் குடலைப்போல இங்கே முதல் தடையே கிடையாது. வைரஸ் எதையும் கற்றுக்கொள்ளாமலேயே நம் உடலுக்குள் நுழைந்துவிடும். இரத்தக் குழாய்ச் சுவரிலும் நரம்பணுக்களிலும் அந்தப் புரதம் மிகுதி என்பதால்தான் மூளை வீங்குகிறது. வவ்வாலுக்கு ஒன்றும் ஆவதில்லை. பறக்கும் உடலின் எதிர்ப்பாற்றல் வைரஸை அடக்கிவைக்கிறதே தவிர, நம்முடையதைப்போல் பொங்கித் தன்னையே சுட்டுக்கொள்வதில்லை.

இவ்வளவு எளிதாக நுழையும் வைரஸ் ஏன் இன்னும் உலகைச் சுற்றவில்லை? நோயாளி ஒருவரிடமிருந்து சராசரியாக ஒருவருக்கும் குறைவாகவே அது பரவுகிறது. அதனால் ஒவ்வொரு தொடரும் தானே அறுகிறது. ஆனால் சராசரி என்பது ஏமாற்றும் எண். 2018 கோழிக்கோட்டில் முதல் நோயாளியிடமிருந்து மருத்துவமனையில் பலருக்கு ஒரேயடியாகப் பரவியது. 17 பேர் இறந்தார்கள், அவரைப் பராமரித்த செவிலியர் லினி அவர்களுள் ஒருவர். பெரும்பாலோர் யாருக்கும் பரப்புவதில்லை, மிகச் சிலர் பலருக்குப் பரப்புகிறார்கள். அந்தச் சிலரின் உடலில் வைரஸ் பெருகும் ஒவ்வொரு நாளும் அதற்குப் புதிய பிழைகளை முயன்றுபார்க்கும் நாள். நிபாவைப் பற்றி என் அச்சமெல்லாம் இந்தத் தொடர்களைப் பற்றியதே, மரத்திலிருக்கும் வவ்வால்களைப் பற்றியது அன்று. மரத்தை வெட்டி விரட்டினால் வவ்வால் அடுத்த ஊரின் வாழைத்தோட்டத்துக்குப் போகும், அவ்வளவே.

வெள்ளிக்கிழமை, களியக்காவிளை

இரு மாநில எல்லை. மீன் வண்டி, கோழி வண்டி, வாழைக்குலை லாரி, திருவனந்தபுரம் மருத்துவமனைக்குப் போகும் நோயாளிகள். எல்லைக்கு அப்பால் பாறசாலைப் பகுதியில்தான் 2021 ஜூலையில் கேரளத்தின் முதல் ஜிகா வைரஸ் தொற்று கண்டறியப்பட்டது. அதுவும் 1947இல் உகாண்டாவில் ஒரு குரங்கிடம் கண்டெடுத்த வைரஸே.

சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எச்ஐவியைப் பற்றிப் பேச்சு வந்தது. கேமரூனின் தென்கிழக்கில் சிம்பன்சிகளிடமிருந்து, வேட்டையாடி அறுத்தவர்களின் இரத்தத்தில் கலந்து வந்தது. மனித உயிரணுக்களில் டெத்ரின் என்ற புரதம் உண்டு. புதிதாகப் பிறந்த வைரஸ் துகள்களை உயிரணுவின் மேற்பரப்பிலேயே கட்டிப்போட்டுவிடும். சிம்பன்சி வைரஸ் தன் ஊரில் நெஃப் என்ற புரதத்தால் அந்தக் கட்டை அவிழ்த்தது. மனித டெத்ரினில் நெஃப் பிடிக்கும் துணுக்கே இல்லை. எச்ஐவி-1இன் 'எம்' குழு, விபியூ என்ற வேறொரு புரதத்தை அந்த வேலைக்குப் பழக்கிக்கொண்டது. குரங்கினங்களிலிருந்து மனிதருக்குத் தாவியது பலமுறை. சிம்பன்சி, கொரில்லா வழிவந்த எச்ஐவி-1இல் மட்டும் நான்கு குழுக்கள். உலகைச் சுற்றியது 'எம்' ஒன்றே. அதற்கும் விபியூ மட்டும் போதவில்லை. 1920கள் முதல் கின்ஷாசாவில் பெருகிய மக்கள்தொகையும், அங்கிருந்து கிளம்பிய இரயில் பாதைகளும் வேண்டியிருந்தன. 1986இல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சென்னையில் அதைக் கண்டறிந்தபோது, அந்தத் தொடருக்கு வயது அரை நூற்றாண்டுக்கும் மேல்.

கேரளத்தில் நிபா என்று செய்தி வந்தால் இந்தச் சாவடியில் வெப்பமானியோடு ஆட்கள் நிற்பார்கள். பறவைக் காய்ச்சல் என்றால் கோழி வண்டிகளைத் திருப்பி அனுப்புவார்கள். இரண்டாவதில் பயன் உண்டு. முதலாவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. நிபா தொற்றியவருக்குக் காய்ச்சல் வரப் பெரும்பாலும் நான்கு முதல் பதினான்கு நாள்கள் ஆகும்; இன்று தொற்றியவர் நெற்றி குளிர்ந்தபடியே எல்லையைக் கடப்பார். கோழிக்கோட்டில் நோயைப் பிடித்தது சாவடி அன்று. ஒரே குடும்பத்தில் இரண்டாவது ஆளும் அதே அறிகுறிகளோடு வந்ததைப் பார்த்த மருத்துவர்கள், இது சாதாரண மூளைக்காய்ச்சல் இல்லை என்று சந்தேகித்து மணிப்பாலிலுள்ள வைரஸ் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினார்கள். புனே உறுதி செய்தது. குமரி மாவட்டத்தின் சிறிய மருத்துவமனை ஒன்றில், காய்ச்சலோடு மயங்கிவரும் நோயாளியிடம் 'வீட்டில் வேறு யாருக்கும் உண்டா, என்ன பழம் தின்றீர்கள், யாரைப் பராமரித்தீர்கள்' என்று கேட்டு எழுதிவைக்கும் வழக்கம் இருக்கிறதா என்பதுதான் இனி நான் விசாரிக்கப் போவது. அண்ணாச்சிக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவர் மார்த்தாண்டத்தில் இருக்கிறார். மாலையில் அவரைப் பார்க்கப் போகிறோம்.